மிதப்பதற்குப் போதுமான நீர்

மார்ச் 3

தம்பி,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ என்று பதறியிருப்பாய். எல்லோரும் நலம். குளத்துக்குத்தான் உடம்பு சரியில்லை.

எட்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது காரியத்துக்காக எழுதுகிறாளே என்று நினைப்பாய். ஆமாம், காரியத்துக்காகத்தான். நீச்சல் சொல்லிக் கொடுக்க எனக்குத் தெரியும்; தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்பது உனக்குத்தான் தெரியும். குடிநீர் வாரியத்தின் தலைமை வேதியியலர் என் கூடப் பிறந்தவனாக இருக்கும்போது நான் எதற்கு மருந்துக் கடைக்காரரிடம் கெஞ்ச வேண்டும்?

சங்கதி இதுதான். காலையில் வழக்கம்போல் குளோரின் தூளைக் கரைத்து ஊற்றுகிறேன். சோதனைக் குழாயில் மாத்திரையைப் போட்டால் இளஞ்சிவப்பு நிறம் அழகாக வருகிறது. வெயில் ஏறி உச்சிக்கு வருவதற்குள் அந்த நிறம் போன இடம் தெரியவில்லை. மறுபடி ஊற்றினால் மறுபடி காணோம். குளோரினை வெயில் தின்னாமல் காக்கும் மருந்து என்று கடைக்காரர் ஒன்றைக் கொடுத்தார். அதையும் போட்டேன். பலன் பூஜ்யம். சுவர் ஓரமெல்லாம் பச்சை படர்கிறது. நானும் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துவிட்டேன்.

மாதக் கடைசியில் சுகாதார ஆய்வாளர் வருகிறார். தண்ணீர் தேறவில்லை என்றால் இந்த ஆண்டுக்கு உரிமம் கிடையாது. உரிமம் இல்லையென்றால் நீச்சல் வகுப்பும் இல்லை. வகுப்பு இல்லாமல் நான் வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று உன் அத்தானுக்கு இப்போதே பயம் வந்துவிட்டது. முடிதிருத்தும் கடையை இனி ராத்திரி பத்து மணி வரை திறந்து வைக்கலாமா என்று யோசிக்கிறாராம்.

நீ மாட்டிவிட்டுப் போன விதிப் பலகையைப் பற்றிக் கேட்பாய். பத்திரமாக இருக்கிறது. பம்ப் குழிக்கு மூடியாகப் போட்டிருக்கிறேன். அளவெடுத்துச் செய்ததுபோல் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

அக்கா

*

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது.

பலகையைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஆயினும் ஒன்று மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. இருபத்தொரு விதிகள் கொண்ட அப்பலகையை என் சொந்தப் பொறுப்பில் எழுதுவித்து, மலைப்பாதையில் என் மடிமீது வைத்துக்கொண்டு வந்து தங்கள் குளத்தில் மாட்டினேன். அதன் முதல் விதியான ‘நீந்தத் தெரியாதோர் நீரில் இறங்குதல் கூடாது’ என்பதைப் படித்துவிட்டு, மாணவர்களின் பெற்றோர் முன்னிலையில், “அப்போ நான் யாருக்குடா நீச்சல் சொல்லித் தர்றது, மீனுக்கா?” என்று கேட்டுத் தாங்கள் சிரித்தீர்கள். அதுவல்ல என் வருத்தம். பெற்றோர்களும் சிரித்தார்கள். அதுவே என் வருத்தம். பாதுகாப்பு விதி என்பது சிரிப்பதற்கு உரியதன்று.

இனி குளத்துக்கு வருகிறேன். ஊற்றிய குளோரின் வெயிலில் அழிவது இயல்பே. ஆனால் தாங்கள் போட்டதாகக் கூறும் காப்பு மருந்து குளோரினுக்குக் குடை பிடிப்பது போன்றது. குடை பிடித்த பின்னும் ஒருவர் நனைகிறார் என்றால், குடையின் கீழ் நிற்பவர் நாம் நினைக்கும் ஆளே அல்லர் என்று ஐயுற வேண்டும். ஐயத்தின் பேரில் முடிவு கூறுவது என் வழக்கமன்று. ஆகவே ஒரு லிட்டர் குளத்து நீரைச் சுத்தமான கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நிரப்பி, வெளிச்சம் படாமல் சுற்றி, பேருந்துப் பொதியில் அனுப்பவும். நீரின் மணம் மாறியுள்ளதா, குளத்தில் குளோரினும் காப்பு மருந்தும் தவிர வேறு எவரேனும் எதையேனும் கொட்டினார்களா என்பனவற்றையும் எழுதவும். வீட்டிலுள்ள ஒருவரையும் விட்டுவிட வேண்டாம்.

தம்பி

*

மார்ச் 12

தம்பி,

புட்டி வருகிறது. சுத்தமான புட்டிதான், சந்தேகப்படாதே.

மணம் மாறியிருக்கிறது. பழைய குளோரின் வீச்சம் இல்லை. இது வேறு மாதிரி, மூக்கை உறுத்தாமல், மருந்து டப்பாவைத் திறந்த மாதிரி.

யாரும் எதையும் கொட்டவில்லை. மாணவர்களைத் தனித்தனியாகக் கேட்டுவிட்டேன். ஒரு குட்டிப் பெண் மட்டும் அழுதுகொண்டே ஒரு காரியத்தை ஒப்புக்கொண்டாள். அது நீ தேடும் பொருள் இல்லை. எல்லாக் குளத்திலும் நடப்பதுதான்.

வீட்டில் நானும் உன் அத்தானும் மட்டும்தான். அவரை நீ கணக்கில் சேர்க்க வேண்டாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காத மனுஷர். குளத்தின் ஓரமாக நடக்கும்போது சுவரைத் தடவிக்கொண்டே போவார். இப்போது கொஞ்சம் தேவலை. மத்தியானம் நான் கண்ணயரும் நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு வந்து, பம்ப் ஒழுங்காக ஓடுகிறதா என்று அவரே பார்த்துக்கொள்கிறார். வரும்போது தலை ஈரமாக இருக்கிறது. “கடையிலயே தலைக்குக் குளிச்சிட்டேன், டீச்சரம்மா. முடி வெட்டுறவன் தலை சுத்தமா இருந்தாத்தானே நாலு பேர் வருவாங்க” என்கிறார். இந்த வயதில் இப்படி ஒரு பொறுப்பு வந்திருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

நீ சீக்கிரம் பார்த்து எழுது. இன்னும் இரண்டு பேர் பிள்ளைகளை வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அக்கா

*

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீரைச் சோதித்தேன். தங்கள் குளத்தில் குளோரின் இல்லை. தாங்கள் இத்தனை நாளும் பராமரித்து வருவது ஒரு புரோமின் குளம்.

இதை விளக்கினால்தான் தாங்கள் நம்புவீர்கள். ஹாலஜன்கள் என்பது ஒரு குடும்பம். நம் பாடநூல்கள் அவர்களை உப்பீனிகள் என்று அழைக்கும். உப்பைப் பெற்றெடுப்பவர்கள் என்பது பொருள். ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின் என்று வரிசை. நால்வருக்கும் ஒரே குறை. வெளிவட்டத்தில் எட்டு எலக்ட்ரான் இருந்தால்தான் நிம்மதி; இவர்களிடம் இருப்பதோ ஏழு. அந்த ஒன்றுக்காக நால்வரும் அலைவார்கள். ஆனால் அலைச்சல் ஒரே அளவினதன்று.

மூத்தவரான ஃபுளோரின் உருவத்தில் மிகச் சிறியவர், பறிப்பதில் மிகப் பெரியவர். தண்ணீரைக்கூட விட்டுவைக்க மாட்டார். கண்ணாடிப் பாத்திரத்தில் வைக்கவும் அஞ்சுவோம். அடுத்தவர் குளோரின், பச்சை கலந்த மஞ்சள் வாயு. பறிப்பார், ஆனால் பழகலாம். மூன்றாமவர் புரோமின், செம்பழுப்புத் திரவம். பிற மொழியில் துர்நாற்றம் என்றே அவருக்குப் பெயர் வைத்தார்கள். கடைசியில் அயோடின், ஊதா ஆவியை உள்ளடக்கிய கரும் படிகம். காயத்துக்கு மருந்தாகி அமைதியாகக் காலம் தள்ளுபவர். கீழே இறங்க இறங்க உருவம் பெருக்கிறது, நிறம் அடர்கிறது, வாயு திரவமாகித் திடமாகிறது, பறிக்கும் வேகம் தணிகிறது.

இதிலிருந்து குடும்பச் சட்டம் ஒன்று பிறக்கிறது. உப்பில் ஓர் இளையவர் உட்கார்ந்திருக்கும்போது மூத்தவர் உள்ளே வந்தால், இளையவர் எழுந்து இடம் விட வேண்டும். புரோமைடு உப்பு உள்ள நீரில் குளோரினை ஊற்றினால், குளோரின் அந்த இருக்கையில் அமர்ந்து உறங்கிவிடும். புரோமின் எழுந்து வெளியே வரும். நான் தங்கள் நீரைச் சுண்டக் காய்ச்சி, குளோரின் நீர் சேர்த்து, நிறமற்ற ஒரு கரைப்பானுடன் குலுக்கினேன். மேலே மிதந்த அடுக்கு ஆரஞ்சு நிறமானது. அயோடினாக இருந்தால் ஊதா வந்திருக்கும்.

ஆகவே நடப்பது இது. தாங்கள் ஊற்றும் குளோரின் முழுவதும் புரோமினை எழுப்பிவிடுவதிலேயே தீர்ந்துபோகிறது. எழுந்த புரோமினை வெயில் மீண்டும் புரோமைடாக்கிவிடுகிறது. தாங்கள் வாங்கிய குடை குளோரினுக்கு மட்டுமே பொருந்தும். புரோமினுக்கு அது பயன்படாது. ஒரு முறை புரோமைடு புகுந்த குளத்தில் எவ்வளவு குளோரின் ஊற்றினாலும் அது குளோரின் குளம் ஆகாது. நீர் முழுவதையும் வெளியேற்றி, புதிதாக நிரப்புவது ஒன்றே முழுமையான தீர்வு.

ஆனால் இந்தக் கோடையில் நீச்சல் குளங்களைப் புதிதாக நிரப்புதல் கூடாது என்று ஒரு தடையாணை நடைமுறையில் உள்ளது. மழை வந்து நீர்த்தேக்கம் நிறையும் வரை அதை மீற இயலாது. அவ்வாணையின் கீழே உள்ள கையொப்பம் என்னுடையது.

விதிவிலக்கு அளிக்க எனக்கு அதிகாரம் உண்டு. அளிக்க மாட்டேன். தாங்கள் என் அக்கா என்பதாலேயே அளிக்க மாட்டேன்.

புரோமைடு தானாக வராது. யாரோ கொட்டியிருக்கிறார்கள். மீண்டும் விசாரிக்கவும்.

தம்பி

*

மார்ச் 20

கையொப்பம் போட்ட தம்பிக்கு,

மூத்தவர் வந்தால் இளையவர் எழுந்து இடம் விட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நான் உனக்கு ஆறு வயது மூத்தவள். என்றைக்காவது எனக்காக எழுந்திருக்கிறாயா? உன் ஹாலஜன்களுக்கு இருக்கிற மரியாதைகூட உனக்கு இல்லை.

சரி, அது கிடக்கட்டும். ஆளைப் பிடித்துவிட்டேன்.

நேற்று மத்தியானம் கண்ணயராமல் குளத்துப் பக்கம் போனேன். உன் பலகையின் மேல் வேட்டியும் சட்டையும் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன. குளத்தின் நடுவில், ஆழமான பக்கத்தில், ஒரு வயிறு மிதந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு செய்தித்தாள் விரிந்திருந்தது.

“என்னங்க!” என்று கத்தினேன். செய்தித்தாள் மூழ்கிவிட்டது. அவர் மூழ்கவில்லை.

“கத்தாதே டீச்சரம்மா, அலை அடிக்குது.”

“எத்தனை நாளா இந்தக் கூத்து?”

“உப்பு போட்டதுல இருந்து.”

“எந்த உப்பு?”

“கால் ஊற வைக்கிற உப்புதான், நம்ம கடைக்கு வர்றது. ஏதோ ஒரு கடல்ல ஆளுங்க சும்மா படுத்துக்கிட்டு பேப்பர் படிக்கிறாங்களாமே, அந்தக் கடல் உப்பு. மூட்டையிலயே படம் போட்டிருக்கான் பாரு.”

“அதை எதுக்குங்க குளத்துல கொட்டினீங்க?”

“பின்னே வாளியிலயா மிதக்க முடியும்?”

ஏழெட்டு மூட்டை, தம்பி. ஒவ்வொன்றாக, நான் தூங்கும்போது. அவை முகப்பவுடர் மூட்டைகள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கரைக்கு இழுத்து வந்து உட்கார வைத்து, ஏன் இப்படி என்று கேட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்:

“ஊர்ப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் நீ சொல்லித் தர்றே. உன் புருஷன் மட்டும் துண்டைப் பிடிச்சுக்கிட்டுக் கரையில நிக்கிறான். மச்சான் பலகையில முதல் வரியே என்னைப் பத்தித்தான் இருந்துச்சு. நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. நான் கடைசி வரி வரைக்கும் படிச்சேன்.”

உன் இருபத்தொரு விதிகளையும் படித்த ஒரே ஆள் அவர்தான். உன்னிடமும் சொல்லிவைக்கிறேன், அவர் நன்றாகவே மிதக்கிறார். என் மாணவர்கள் பாதிப் பேருக்கு அந்த மாதிரி முதுகு நேராக வராது.

ஆனால் ஆய்வாளர் வர இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. நிரப்பவும் கூடாது என்கிறாய். நான் என்ன செய்யட்டும்?

அக்கா

*

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மர்மம் துலங்கியதில் மகிழ்ச்சி. அந்தக் கடலின் உப்பில் புரோமைடு சற்று மிகுதி. அத்தானுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

முதலில் உரிமம். புரோமினும் கிருமிகளைக் கொல்லும். ஆகவே அதனோடு சண்டையிடாமல் அதைக் காப்பாற்றுங்கள். அதன் எதிரி வெயில் ஒன்றே. பகல் முழுவதும் குளத்தை வெளிச்சம் புகாத துணியால் மூடி வைக்கவும். மாலையில் குளோரின் ஊற்றவும். அது இரவில் புரோமினாக எழுந்து நிற்கும். காலை வகுப்பு வரை தாங்கும். ஆய்வாளர் சோதிக்கும்போது, இது புரோமின் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குளோரின் அட்டையில் தெரியும் எண்ணை இரண்டே காலால் பெருக்கினால் புரோமினின் அளவு கிடைக்கும். காரணம், புரோமின் அணு எடை மிகுந்தது. என் பெயரை எக்காரணம் கொண்டும் குறிப்பிட வேண்டாம். அது முறையன்று.

அடுத்து அத்தான். அவர் ஒரு தவறான நம்பிக்கையில் இருக்கிறார். நீரின் எடையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் உப்பு இருந்தால்தான் அந்தக் கடலைப் போலப் படுத்துப் படிக்க முடியும். அதற்கு லாரி லாரியாக உப்பு வேண்டும். அவர் கொட்டியது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தங்கள் குளம் எப்போதும் இருந்தது போலவே சாதாரண நீர்தான். அவரை மிதக்க வைப்பது உப்பன்று. நுரையீரலில் உள்ள காற்றும், பதறாத உடம்பும். இதை அவருக்கு உடனே தெரிவிப்பது நம் கடமை. இக்கடிதத்தின் இப்பக்கத்தை அவரிடம் படிக்கக் கொடுக்கவும்.

தம்பி

*

ஜூன் 10

தம்பி,

நீ மார்ச்சில் எழுதிய கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை நான் அவரிடம் காட்டவில்லை. அது அரிசி டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. இத்தனை நாள் பதில் எழுதாததற்கு அதுதான் காரணம். எழுதினால் “காட்டினீர்களா?” என்று கேட்பாய். உன்னிடம் பொய் சொன்னால் நீ அதற்கும் ஒரு சோதனை வைத்திருப்பாய்.

உரிமம் தேறிய கதையை முதலில் சொல்கிறேன். குளத்தை மூட அவ்வளவு பெரிய துணிக்கு எங்கே போவது? உன் அத்தான் கடையில் முடி வெட்டும்போது போர்த்தும் கறுப்புத் துணிகளை எல்லாம் எடுத்து வந்து, சேர்த்துத் தைத்துக் கொடுத்தார். ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

“என்னம்மா, குளத்துக்கு முடி வெட்டப் போறீங்களா?”

சோதித்தார். நிறம் ஜோராக வந்தது. நான் நீ சொன்னபடியே, “சார், இது குளோரின் இல்லை, புரோமின். இரண்டே காலால பெருக்கிக்கோங்க” என்றேன்.

“இதை யாரும்மா உங்களுக்குச் சொன்னது?”

“பேரைச் சொல்லக் கூடாதுன்னு சொன்னவர் சொன்னார்.”

“ஓ, அவரா!” என்றார். உன்னைப் பற்றிச் சுகாதாரத் துறையில்கூட எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

கோடைக்கு மட்டும் உரிமம் கொடுத்தார். மழை வந்து தடை நீங்கியதும் தண்ணீரை முழுக்க மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் ரத்து என்று எழுதிவிட்டுப் போனார். மழையும் வந்துவிட்டது. நீயும் தடையை நீக்கிவிட்டாய். இந்த மாதம் முடிவதற்குள் மாற்றியாக வேண்டும்.

இப்போது சிக்கல் எங்கே தெரியுமா? உன் அத்தான் விட மாட்டேன் என்கிறார். தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு பம்ப் குழிக்குள் இருக்கிறது. உன் பலகையின் மேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். “உப்புத் தண்ணி போயிட்டா நான் மறுபடி கரையில துண்டு பிடிக்கணும். இப்போதான் பிள்ளைங்க என்னை மிதப்பு மாமான்னு கூப்பிடுதுங்க” என்கிறார். புதிதாக உப்பு போட விட மாட்டேன் என்றேன். “அப்போ தண்ணியையும் விட மாட்டேன்” என்கிறார்.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் நீச்சல் சொல்லித் தருகிறவள் நான். நான் சொல்வதைக் கேள். மிதக்கிறவனிடம் “உன்னை எதுவும் தாங்கவில்லை” என்று சொன்னால் அந்த நிமிஷமே உடம்பு விறைக்கும், தலை தூக்கும், இடுப்பு இறங்கும். உப்பு இல்லாமல்தான் இத்தனை நாளும் மிதந்தீர்கள் என்றால் ஒரு நாளும் நம்ப மாட்டார், இறங்கவும் மாட்டார்.

நேற்று அவரே ஒரு வழி சொன்னார். “மச்சான் எழுதிக் கொடுக்கட்டும். புதுத் தண்ணி தாங்கும்னு மச்சான் எழுதினா நான் எழுந்திருக்கிறேன். அவன் ஆயிரம் சொல்வான், ஆனா பொய் சொல்ல மாட்டான்.”

ஒரே ஒரு வரி எழுது, தம்பி. உப்பு போதும் என்று எழுதிவிடு. உன் வாழ்நாளில் ஒரே ஒரு பொய். அக்கா கேட்கிறேன். குளம் அதில்தான் இருக்கிறது.

அக்கா

*

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பொய் எழுத இயலாது. தாங்கள் கேட்டும் இயலாது.

இரண்டு நாள் எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். ஆய்வுக்கூட உதவியாளர் என்னிடம், “சார், ஏதாவது விஷம் கலந்துடுச்சா?” என்று கேட்டுவிட்டார். இறுதியில் கீழ்க்காணும் சான்றினை வரைந்துள்ளேன். தனித்தாளில், என் சொந்தக் கையொப்பத்துடன் இணைத்திருக்கிறேன். வாரியத்தின் முத்திரை வைக்கவில்லை. இது குடும்ப விஷயம்.

‘இக்குளத்தில் புதிதாக நிரப்பப்படும் நீரைப் பற்றி நன்கு ஆராய்ந்து கூறுவதாவது: இந்நீரின் அடர்த்தி, இதற்கு முன்பிருந்த நீரைப் போலவே, என் அத்தான் மிதப்பதற்கு முற்றிலும் போதுமானது. மேற்கொண்டு எந்த உப்பும் சேர்க்கத் தேவையில்லை.’

இதில் ஒரு சொல்லும் பொய்யன்று. எந்த ஆய்வுக்கூடத்திலும் நிரூபிக்கலாம். இந்தக் குளத்துக்கு மட்டுமன்று, உலகிலுள்ள எல்லா நன்னீர்க் குளங்களுக்கும் இதே சான்றை என்னால் வழங்க முடியும் என்பதை அத்தான் கேட்டால் மறைக்க மாட்டேன். ஆனால் அவர் கேட்கும் வரை அதைச் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

மற்றொன்று. பலகையின் முதல் விதியைத் திருத்த விரும்புகிறேன். ‘நீந்தத் தெரியாதோர் தனியாக நீரில் இறங்குதல் கூடாது’ என்று இருந்திருக்க வேண்டும். நடு மத்தியானத்தில் துணையின்றி ஆழத்தில் மிதப்பது, சான்று இருந்தாலும், ஆபத்தானது. அதை மட்டும் அத்தானிடம் என் பெயரைச் சொல்லியே கண்டிப்பாகச் சொல்லவும்.

தம்பி

*

ஜூன் 27

தம்பி,

சான்று வந்தது. உன் அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே படித்தார். அப்புறம் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். “முற்றிலும் போதுமானது” என்ற இடத்தில் இன்னொரு தடவை நிறுத்திப் படிக்கச் சொன்னார். பிறகு எழுந்து, பலகையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, வால்வைத் தன் கையாலேயே திறந்தார்.

சான்று இப்போது கண்ணாடிச் சட்டத்தில் அவர் கடையில், பெரிய கண்ணாடிக்கு மேலே தொங்குகிறது. முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்கள் கழுத்தை அசைக்க முடியாமல் அதைத்தான் படிக்கிறார்கள்.

புதுத் தண்ணீர் நிரம்பியதும் ஆய்வாளர் வந்து சோதித்தார். குளோரின், குளோரினாகவே இருக்கிறது. மத்தியானம் வரை இருக்கிறது. உரிமம் முழு ஆண்டுக்கும் வந்துவிட்டது.

பம்ப் குழிக்கு வேறு மூடி போட்டுவிட்டு, பலகையை மறுபடி சுவரில் மாட்டிவிட்டேன். முதல் விதியில் ‘தனியாக’ என்பதை நானே தூரிகையால் எழுதிச் சேர்த்தேன். எழுத்து கொஞ்சம் கோணல். நீ வந்து பார்த்துத் திட்டு. திட்டுவதற்காகவாவது வா.

நேற்றுக் காலை வகுப்புக்கு முன்னால், நான் பக்கத்தில் நிற்க, உன் அத்தான் புதுத் தண்ணீரில் இறங்கினார். படியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் கையை விட்டார். முதுகு நேராக, வயிறு மேலாக, பழையபடியே மிதந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டு, உதட்டில் பட்ட தண்ணீரை நாக்கால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

“டீச்சரம்மா, மச்சான்கிட்டச் சொல்லு. இந்தத் தடவை உப்பு கொஞ்சம் தூக்கல்.”

அக்கா